வேர்க்குழாயை எப்போது அடைப்பது?
பல் வைத்தியத்தில் நுண்ணுயிர்ச் சோதனை புகுந்த வரலாறு

சூத்தை ஆழ்ந்து, பல்லின் உட்கூழ் அழிந்து, வேரின் நுனியில் சீழ் கட்டிய நிலையில் நோயாளி ஒருவர் பல் வைத்தியரிடம் வருகிறார். பல்லைப் பிடுங்காமற் காப்பதாயின், வைத்தியர் அதன் மேற்புறத்தைத் துளைத்து, வேரின் நடுவே ஓடும் குழாயை மெல்லிய அரங்களால் சுரண்டித் துப்புரவாக்கி, கிருமிநாசினி நீரால் கழுவி, இறுதியில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பிசினைக் கொண்டு நுனி வரை அடைத்துவிட வேண்டும். துளைப்பதும் சுரண்டுவதும் கைப்பழக்கத்தால் வருவன. ஆனால், எப்போது அடைப்பது என்ற கேள்வி கைப்பழக்கத்தால் தீர்வதன்று. நோய்க்கிருமிகள் உள்ளே எஞ்சியிருக்கையில் வாயிலை மூடினால், சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ வேரின் நுனியில் எலும்பு மீண்டும் கரையத் தொடங்கலாம். முடியிழை போன்ற அந்த இருண்ட குழாயினுள் கிருமி உண்டா இல்லையா என்பதைக் கண்ணால் காண இயலாது.

இதற்கு நுண்ணுயிர்ச் சோதனையைத் துணைகொள்ளலாம் என்ற எண்ணம் எளிதாகத் தோன்றலாம். அவ்வெண்ணம் பல் வைத்தியர்களிடையே பரவியதும், பின் கைவிடப்பட்டதும், வேறு வடிவில் மீண்டு வந்ததும் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறாகும். சுகாதாரத் துறையில் களப்பணி செய்வோரும் பள்ளி ஆசிரியர்களும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் பயனுடையது. சோதனைக் கூடத்திலிருந்து வரும் எந்த முடிவையும் எவ்வளவு நம்புவது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

பல்லின் உள்ளமைப்பைச் சுருங்கக் கூறுவோம். வெளியே தெரிவது எனாமல்; அதன் அடியில் டென்டீன்; அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான பற்கூழ். இக்கூழ் வேரின் வழியே கீழிறங்கி, நுனியிலுள்ள சிறு துளையின் மூலம் தாடை எலும்புடன் தொடர்பு கொள்கிறது. கூழ் உயிரோடிருக்கும் வரை கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அது செத்துவிட்டாலோ இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களும், வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் இரத்தத்தின் வழியாகவே வரவேண்டியவை. இரத்தம் செல்லாத வேர்க்குழாயை அவை எட்டுவதில்லை. கிருமிகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான கோட்டை உடலில் வேறொன்று இருப்பது சந்தேகமே.

மில்லர் கண்டது

நம் நாட்டின் பல பகுதிகளில் பல்வலியைப் "பூச்சிப் பல்" என்றே மக்கள் கூறுவர். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அதன் புகையை வாயில் பிடிக்கச் செய்து, பின்னர் விழும் வெண்ணிறத் துகள்களைப் பூச்சிகள் என்று காட்டும் வழக்கமும் உண்டு. பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. உலகின் பல நாடுகளில் நெடுங்காலம் நிலவியது. புழு இல்லை, ஆனால் உயிருள்ள ஏதோ ஒன்று உண்டு என்ற அளவில் அந்நம்பிக்கை முழுப் பொய்யும் அன்று.

1683-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து லீவன்ஹூக் தம் பல்லிடுக்கில் படிந்த வெண்பொருளைத் தாமே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அதில் நெளிந்தோடும் சிற்றுயிர்களைக் கண்டு லண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதினார். அவ்வுயிர்களுக்கும் நோய்க்கும் உள்ள உறவை அறிய மேலும் இருநூறு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. அவ்வுறவைப் பல் வைத்தியத் துறையில் நிலைநாட்டியவர் வில்லபி டேட்டன் மில்லர் என்ற அமெரிக்கர். அவர் பெர்லின் நகரில் தொழில் செய்து, ராபர்ட் காஹ்ஹின் ஆராய்ச்சிச்சாலையில் நுண்ணுயிரியல் பயின்றவர். வாயிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றிய அவருடைய நூல் 1890-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

1894-இல் மில்லர் அழுகிய பற்கூழைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கூழின் துளியைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தபோது உருண்டை வடிவிலும், கோல் வடிவிலும், சுருள் வடிவிலும் பலவகை நுண்ணுயிர்கள் காணப்பட்டன. ஆனால் அதே கூழை வளர்ப்பு ஊடகத்தில் இட்டபோது, கண்ணாடியில் கண்டவற்றுள் சில வளரவே இல்லை. இந்த வேறுபாட்டை மில்லர் மறைக்காமல் எழுதிவைத்தார். கண்ணுக்குத் தெரிந்த உயிர் குப்பியில் ஏன் வளரவில்லை? அதற்கு விடை காண எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அக்கேள்வியைப் பெரும்பாலோர் மறந்துவிட்டனர் என்பது வருந்தத்தக்கது.

பிடுங்கப்பட்ட பற்கள்

1910-இல் வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அழுகிய வேர்களின் மேல் தங்கத் தொப்பிகளும் பாலங்களும் கட்டிவைக்கும் பல் வைத்தியத்தை அவர் கடுமையாகத் தாக்கினார். உடலின் பல நோய்களுக்கு அவ்வேர்களில் தங்கிய நச்சே காரணம் என்பது அவர் வாதம். பின்னர் அமெரிக்காவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் முதலிய மருத்துவர்கள் இக்கருத்தை வளர்த்து, மூட்டுவாதம், இருதய நோய், சிறுநீரக நோய் எனப் பலவற்றுக்கும் பல்லையும் தொண்டைச் சதையையும் குற்றஞ்சாட்டினர். ஓரிடத்துக் கிருமி உடலெங்கும் கேடு விளைக்கும் என்ற இக்கொள்கையின் ஆட்சியில், இருபது முப்பது ஆண்டுகளாக, கூழ் செத்த பற்களும் பல வேளைகளில் நல்ல பற்களும் கணக்கின்றிப் பிடுங்கப்பட்டன.

பிடுங்கிய பல்லின் வேர் நுனியைச் சோதித்தால் அதில் கிருமி வளர்ந்தது. அதுவே குற்றத்திற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஆனால் அந்தச் சான்றின் நிலை என்ன? 1936-இல் இங்கிலாந்தில் ஃபிஷ், மக்லீன் என்னும் இருவர் ஓர் எளிய சோதனை செய்தனர். பல்லைப் பிடுங்கும் முன் ஈறின் விளிம்பைச் சூட்டுக்கோலால் தீய்த்துக் கிருமிகளை அழித்தனர். அவ்வாறு பிடுங்கிய பற்களின் வேர்த் திசுவில் கிருமி வளரவில்லை. தீய்க்காமல் பிடுங்கியபோதோ வளர்ந்தது. இடுக்கியால் பல்லை அசைத்து ஆட்டும்போது, ஈறின் ஓரத்திலிருந்த கிருமிகள் உள்ளே தள்ளப்படுகின்றன என்பது தெளிவாயிற்று. மாதிரியை எடுத்த செயலே மாதிரியை மாசுபடுத்தியிருந்தது! 1938-இல் செசில், ஆஞ்செவின் இருவரும் 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து, பல்லையும் தொண்டைச் சதையையும் நீக்கியதால் பயன் இருந்ததாகக் கூற இடமில்லை என்று முடிவு கட்டினர். செசில் முன்பு அக்கொள்கையின் ஆதரவாளராயிருந்தவர்.

இக்காலத்தில் வேர்ச் சிகிச்சை செய்யத் துணிந்த பல் வைத்தியர்கள் தாங்கள் கிருமியை அகற்றிவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டிய நிலையில் இருந்தனர். நுண்ணுயிர்ச் சோதனையை அவர்கள் கையிலெடுத்ததற்கு அறிவியல் ஆர்வம் ஒரு காரணம். தொழிலின் மானத்தைக் காப்பது மற்றொரு காரணம். இரண்டாவது காரணம் சிறியதன்று.

குப்பியின் தீர்ப்பு

சிகாகோவில் எட்கர் கூலிட்ஜ், பிலடெல்பியாவில் லூயி கிராஸ்மன் முதலியோர் இம்முறையைப் பரப்பினர். அமெரிக்க வேர்ச் சிகிச்சை நிபுணர் சங்கம் 1943-இல் நிறுவப்பட்டது. கிராஸ்மனின் வேர்ச் சிகிச்சை நூல் 1940-இல் முதன்முதல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டு, இந்தியப் பல் வைத்தியக் கல்லூரிகளிலும் பாடநூலாயிற்று. அண்மைப் பதிப்புகள் இந்தியப் பேராசிரியர்களாலேயே திருத்தி வெளியிடப்பட்டுள்ளன.

அக்காலத்து முறை பின்வருமாறு. குழாயைச் சுத்தம் செய்து மருந்திட்டு, மேலே தற்காலிக அடைப்பு வைத்து நோயாளியை அனுப்பிவிடுவர். அடுத்த முறை வரும்போது அடைப்பை நீக்கி, கிருமியகற்றிய உறிஞ்சு காகிதக் குச்சி ஒன்றைக் குழாயினுள் சிறிது நேரம் வைத்து, ஈரம் ஊறியபின் எடுத்து, ஊட்டப்பொருள் நிறைந்த குப்பியில் இடுவர். குப்பியை உடலின் வெப்பமாகிய 37 டிகிரி சென்டிகிரேடில் இரண்டு நாளேனும் வைத்திருப்பர். நீர் கலங்கினால் கிருமி உண்டு; தெளிவாக நின்றால் இல்லை என்று கொள்வர். தெளிந்த பின்னரே குழாயை அடைப்பது. ஒரு முறை தெளிந்தால் போதாது, அடுத்தடுத்து இருமுறை தெளிய வேண்டும் என்று வற்புறுத்தியோரும் உண்டு. மாணவன் ஒருவன் குப்பியைக் காட்டாமல் வேரை அடைக்க அநுமதி பெற முடியாது என்னும் அளவுக்கு இவ்வழக்கம் சில கல்லூரிகளில் இறுகியது.

இதில் மறைந்திருந்த குறைகள் இரண்டு திசைகளிலிருந்து வந்தன. எச்சில் ஒரு துளி குழாயில் விழுந்திருந்தாலும், தற்காலிக அடைப்பில் கசிவு இருந்தாலும், சுத்தமான குழாயும் கலங்கிய குப்பியைத் தரும். நோயாளி மேலும் மேலும் வரவேண்டியதாகும். மறுபுறம், குழாயில் வைத்த மருந்தின் எச்சம் காகிதக் குச்சியுடன் குப்பிக்குள் சென்று, அங்கே கிருமியை வளரவொட்டாமல் தடுக்கும். கிராஸ்மன் 1951-இல் பெனிசிலின், பாசிட்ராசின், ஸ்ட்ரெப்டோமைசின், சோடியம் காப்ரிலேட் ஆகிய நான்கையும் கூட்டிய ஒரு பசையை அறிமுகப்படுத்தினார். அத்தகைய மருந்து வைத்த குழாயிலிருந்து எடுத்த மாதிரி தெளிந்து நின்றால், கிருமி செத்தது வேரிலா, குப்பியிலா? இதற்காக ஊடகத்தில் பெனிசிலினை அழிக்கும் நொதியைச் சேர்க்க நேர்ந்தது.

அறுபதுகளில் வாதம் முற்றியது. 1964-இல் பெண்டர், செல்ட்சர், டர்கன்காஃப் ஆகிய மூவர், சிகிச்சை பெற்ற பற்களைப் பின்னாளில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டு, குப்பி கலங்கிய பற்களுக்கும் தெளிந்த பற்களுக்கும் ஆறுதலில் வேறுபாடு காணவில்லை என்று எழுதினர். அதே ஆண்டில் ஸ்வீடனில் எங்ஸ்ட்ரமும் அவர் துணைவரும் செய்த ஆய்வு, கலங்கிய குப்பியுடன் அடைக்கப்பட்ட பற்களில் தோல்வி மிகுதி என்று காட்டியது. இரு சாராரும் நேர்மையாகவே ஆராய்ந்தனர். ஆயினும், நாள்தோறும் நோயாளிகளைப் பார்க்கும் பல் வைத்தியர் எதை ஏற்பார்? கூடுதல் வருகை, கூடுதல் செலவு, அடைகாக்கும் பெட்டி, ஊடகம் ஆகியவற்றை வேண்டாத முடிவையே. அமெரிக்காவில் அடுத்த பத்து இருபது ஆண்டுகளில் இவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. ஸ்வீடனில் பல் வைத்தியக் கல்லூரிகளின் ஆதரவால் அது தொடர்ந்தது.

காற்றை வெறுக்கும் உயிர்கள்

விந்தை என்னவெனில், சோதனையைக் கைவிட்ட அதே காலத்தில்தான் நுண்ணுயிர்களின் குற்றம் ஐயமற நிரூபிக்கப்பட்டது. 1965-இல் அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிலையத்தில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகியோர் எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டனர். சாதாரண எலிகளில் கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத அறையில் பிறந்து வளர்ந்த எலிகளில், உணவுத் துணுக்குகள் உள்ளே புகுந்தபோதிலும், கூழ் சாகவில்லை. சில வாரங்களில் அதன் மேல் புதிய டென்டீன் பாலம் ஒன்று வளர்ந்து துளையை மூடியது. உணவோ காயமோ கூழைக் கொல்வதில்லை, நுண்ணுயிரே கொல்கிறது என்பதை விளக்க, வகுப்பறையில் ஆசிரியர்கள் எடுத்துக்கூறத் தக்க சோதனை இது.

மில்லரின் பழைய கேள்விக்கு விடை 1976-இல் ஸ்வீடனின் உமியோ நகரிலிருந்து வந்தது. சுந்த்க்விஸ்ட் என்பவர் அடிபட்டதால் கூழ் செத்த, ஆனால் வெளியே சூத்தையோ பிளவோ இல்லாத 32 பற்களை எடுத்துக்கொண்டார். மாதிரியில் காற்றுப் படாமல் எடுத்து, காற்றில்லாச் சூழலிலேயே வளர்த்தார். வேர் நுனியில் எலும்பு கரைந்திருந்த 19 பற்களுள் 18-இல் கிருமிகள் வளர்ந்தன. எலும்பு கரையாத பற்களில் வளரவில்லை. பிரித்தெடுத்த 88 வகைப் பயிர்களில் காற்றில் வளரக்கூடியவை ஐந்து மட்டுமே. எஞ்சியவற்றுக்குப் பிராணவாயு நஞ்சு! முந்தைய தலைமுறை திறந்த காற்றில் மாதிரி எடுத்துச் சாதாரணக் குழம்பில் வளர்த்தபோது, நோய் செய்யும் கிருமிகளிற் பெரும்பாலானவை குப்பியை அடையுமுன்னரே செத்திருக்கும். தெளிந்த குப்பியைக் கண்டு மகிழ்ந்த வைத்தியர் பலர் கண்டது கிருமியின்மை அன்று. கிருமியைக் காண இயலாமையே.

பின்னர் 1982-இல் குரங்குகளில் செய்த ஆய்வு இதற்கு மேலும் விளக்கம் தந்தது. வேர்க்குழாயில் கிருமிகளை விட்டு மூடி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வரை கவனித்தபோது, தொடக்கத்தில் காற்றிலும் வாழவல்ல இனங்கள் ஓங்கியிருந்தன. நாளடைவில் உள்ளேயுள்ள பிராணவாயு தீர்ந்து, காற்றை வேண்டாத இனங்களின் கையே ஓங்கியது. குழாயின் நுனிப் பகுதியில் இது மிகுதி. பல் வைத்தியரின் கருவி எட்டுவதற்கு மிகவும் கடினமான இடமும் அதுவே.

சரியான முறையில் சோதித்தால் குப்பியின் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்பதை 1997-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியது. ஸ்யோக்ரன் என்பவரும் அவர் துணைவரும் ஒரு வேருள்ள 55 நோயுற்ற பற்களைச் சுத்தம் செய்து, அடைக்கும் தருணத்தில் மாதிரி எடுத்து, முடிவுக்காகக் காத்திராமல் அன்றே அடைத்துவிட்டனர். 22 பற்களில் கிருமி எஞ்சியிருந்தது பின்னர் தெரியவந்தது. ஐந்தாண்டுகள் வரை தொடர்ந்து பார்த்ததில், கிருமி வளராத பற்களில் நூற்றுக்கு 94 முழுதும் ஆறின. கிருமி வளர்ந்தவற்றில் நூற்றுக்கு 68 ஆறின. 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் இதைவிடச் சிறிய தொகுதியில் செய்த ஆய்வில் இத்தகைய வேறுபாடு தெளிவாகப் புலப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

94-க்கும் 68-க்கும் உள்ள இடைவெளி பெரிது. ஆனால் 68 என்ற எண்ணும் சிந்திக்கத் தக்கது. கிருமியுடன் அடைக்கப்பட்ட மூன்று பற்களில் ஏறக்குறைய இரண்டு ஆறியிருக்கின்றன. அடைப்பினால் உணவும் ஈரமும் கிட்டாமல் சில கிருமிகள் மடிகின்றன. சில சிறைப்பட்டு நுனியை எட்டாமல் நிற்கின்றன. எஞ்சியவற்றை உடல் தாங்கிக்கொள்கிறது. அவ்வாறே கிருமி வளராத பற்களிலும் நூற்றுக்கு 6 ஆறவில்லை. காகிதக் குச்சி தொடுவது குழாயின் நடு வெளியை மட்டுமே. வேரில் பக்கக் கிளைகளும், குழாய்களை இணைக்கும் மெல்லிய பிளவுகளும் உண்டு. டென்டீன் முழுவதும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு அகலமுள்ள நுண்துளைகளால் ஆனது. கிருமிகள் அவற்றுள் நுழைய இடம் தாராளம். கருவி சுழன்று வந்த பின்னும் குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடப்படாமலே நிற்பதை 2001-இல் முப்பரிமாண எக்ஸ்-கதிர்ப் படங்கள் காட்டின. 2005-இல் நாயர் என்பவரும் துணைவரும், ஒரே அமர்வில் நல்ல முறையில் சிகிச்சை செய்யப்பட்ட 16 கடைவாய்ப்பல் வேர்களை வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தபோது, 14-இல் கிருமிகள் ஏதோ ஒரு மூலையில் படலமாக ஒட்டியிருந்தன.

மாதிரி எடுக்கும் முறை

இன்று ஒரு பல் வைத்தியர் இச்சோதனையை மேற்கொள்ள விரும்பினால், ஆய்வுக்கூடத்தைத் தேடுமுன் தம் கைமுறையைச் சீர்செய்துகொள்ள வேண்டும். முதலாவது, ரப்பர் திரை. பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டு வாயின் மற்றப் பகுதியை மறைக்கும் இம்மெல்லிய தகட்டை 1864-இல் நியூயார்க்கின் பார்னம் கண்டுபிடித்தார். இஃதில்லாமல் எடுக்கும் மாதிரி எச்சிலின் மாதிரியே. அடுத்து, பல்லையும் திரையையும் ஹைட்ரஜன் பெராக்சைடாலும் அயோடினாலும் துடைக்க வேண்டும். துடைத்த அயோடின் மாதிரியில் கலந்து கிருமியைக் கொல்லாதவாறு சோடியம் தயோசல்ஃபேட்டால் அதன் வீரியத்தை முறிக்க வேண்டும். இம்முறையை வகுத்தவர் ஸ்வீடனின் மோலர்; அவருடைய ஆய்வு 1966-இல் வெளிவந்தது. பல்லின் வெளிப்புறத்திலிருந்து ஒரு மாதிரியைத் தனியே எடுத்து அதில் ஒன்றும் வளரவில்லை என்று காட்டினாலன்றி, உள்ளிருந்து எடுத்ததை நம்ப இடமில்லை என்பது அவர் கருத்து. சிறிது கடுமையாகத் தோன்றினும், ஃபிஷ், மக்லீன் இருவரின் சோதனையை நினைவிற்கொண்டால் இதன் தேவை விளங்கும்.

பிறகு கிருமியகற்றிய நீரைச் சிறிது விட்டு, அரத்தால் குழாய்ச் சுவரை மெல்லச் சுரண்டி, காகிதக் குச்சிகளை நுனி வரை செலுத்தி ஒரு நிமிடம் வைத்து, பிராணவாயு நீக்கிய கடத்து ஊடகத்தில் உடனே இட்டு மூட வேண்டும். முன்னரே கிருமிநாசினி உபயோகித்திருந்தால் அதனையும் முறித்தாக வேண்டும். காற்றில்லாச் சூழலில் பயிர் வளர்க்கும் வசதி எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இராது. அது உண்டா என்பதை முன்னதாகக் கேட்டறிவது நன்று. வசதியில்லாத கூடத்துக்கு அனுப்பினால், 1950-ஆம் ஆண்டின் தவற்றை இன்றும் செய்தவர்களாவோம்.

இத்தனை உழைப்பும் எல்லாப் பற்களுக்கும் வேண்டுவதன்று. முதன்முறை சிகிச்சை பெறும் சாதாரணப் பல்லில், முடிவு எதுவாயினும் வைத்தியர் செய்யப்போவது ஒன்றே: நன்கு சுத்தம் செய்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவி அடைப்பது. செயலை மாற்றாத சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது முறையாகாது. முறையாகச் சிகிச்சை செய்தும் ஆறாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கும் பல், முன்பு அடைத்து மீண்டும் நோயுற்ற பல், முகம் கழுத்து வரை பரவும் வீக்கம், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளி ஆகிய இடங்களில் சோதனை பயன்படுகிறது. மறுமுறை நோயுற்ற வேர்களில் காணப்படும் கிருமிக்கூட்டம் முதல்முறை நோயுற்றவற்றினின்றும் வேறுபட்டது. 1998-இல் வெளியான ஆய்வுகளில் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் இனம் அவற்றில் அடிக்கடி காணப்பட்டது. வேர்க்குழாயில் மருந்தாக வைக்கப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தைத் தாங்கும் தன்மை அதற்கு உண்டு. வீக்கமிருப்பின், வாயில் வடியும் சீழைப் பஞ்சால் தொட்டெடுப்பதினும், கிருமிநீக்கிய தோலின் அல்லது ஈறின் வழியே ஊசியால் உறிஞ்சி எடுப்பதே சரியான மாதிரி.

கிருமி உண்டு என்ற முடிவைக் கண்டதும் ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதித் தருவது மற்றொரு தவறு. செத்த கூழுள்ள குழாய்க்கு இரத்தம் செல்வதில்லை என்று முன்னரே கூறினோம். மாத்திரை அங்கே எட்டாது. அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எதிர்ப்பாற்றல் குன்றாத வயதுவந்தோர்க்குப் பற்கூழ் நோய்களிலும் வேர்நுனி நோய்களிலும் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டா, பல்லுக்கே சிகிச்சை செய்க என்று அறிவுறுத்துகின்றன. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருப்பின் நிலைமை வேறு. கடையில் தாமே மாத்திரை வாங்கி மூன்று நாள் விழுங்கி வலி அடங்கியதும் நிறுத்திவிடும் வழக்கத்தைக் களப்பணியாளர் ஊர்தோறும் காண்கின்றனர். வலி அடங்கும்; வேரிலுள்ள கிருமி அடங்காது. மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் பெருகுவதே மிச்சம்.

இன்றைய சோதனைகள்

தொண்ணூறுகள் முதல், கிருமியை வளர்க்காமலே அதன் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் முறைகள் வேர்க்குழாய் ஆராய்ச்சியில் புகுந்தன. இவற்றால், எந்த ஊடகத்திலும் இதுவரை வளர்க்கப்படாத இனங்கள் பல வேரில் வாழ்வது தெரியவந்தது. மில்லர் கண்ணாடியில் கண்டு குப்பியில் காணாத உயிர்களுள் சிலவும் இவ்வகையினவாயிருக்கலாம். காற்றுப் பட்டால் செத்துவிடும் என்ற அச்சம் இம்முறையில் இல்லை. ஆனால் புதிய தொல்லை ஒன்று உண்டு: செத்த கிருமியின் மரபுப்பொருளும் குழாயில் சில காலம் தங்கும், அதனையும் இச்சோதனை எண்ணிவிடும். வளர்ப்புச் சோதனை உயிருள்ளதையும் காணாமற்போகலாம். மரபுச் சோதனை உயிரற்றதையும் கண்டுவிடலாம். சிகிச்சைக்கு முன் எந்த இனங்கள் உள்ளன என்று அறிய இரண்டாவது முறை சிறந்தது. சிகிச்சைக்குப் பின் ஏதேனும் உயிரோடிருக்கிறதா என்று அறிவதற்கு அது தனித்து நின்று போதாது.

நாற்காலியருகிலேயே சில நிமிடங்களில் முடிவு தரும் சோதனையே பல் வைத்தியர்கள் நெடுங்காலமாக எதிர்பார்த்திருப்பது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2017-இல், காகிதக் குச்சியில் எடுத்த மாதிரியுடன் ஒளிரும் சாயத்தைக் கலந்து, அது வீசும் ஒளியின் அளவைக் கொண்டு கிருமியை மதிப்பிடும் ஒரு முறையை விவரித்தனர். நோயாளி நாற்காலியை விட்டு எழுமுன் முடிவு தெரிந்தால், மேலும் கழுவுவதா அடைப்பதா என்பதை அப்போதே தீர்மானிக்கலாம். 1964-இல் சோதனையைக் கைவிடச் செய்த குறைகளுள் காலதாமதம் இதனால் நீங்கும். குச்சி எட்டாத மூலைகளைப் பற்றி இதுவும் ஒன்றும் கூறாது.

ஆதலால் இறுதித் தீர்ப்பை இன்றும் எலும்பே வழங்குகிறது. அடைத்த பல்லை ஓராண்டு கழித்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும், நுனியிலுள்ள நிழல் முற்றிலும் மறையாவிடில் நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றும் ஐரோப்பிய வேர்ச் சிகிச்சைச் சங்கத்தின் நெறிகள் கூறுகின்றன. இங்கேதான் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் வேலை இருக்கிறது. முதல் அமர்வில் வலி நின்றுவிட்டால் அடுத்த அமர்வுக்கு வராமலே இருந்துவிடுவோர் பலர். தற்காலிக அடைப்பு சில வாரங்களே எச்சிலைத் தடுக்கும். அதற்குமேல் கசிந்து, சுத்தமான குழாய் மீண்டும் கிருமிகளின் இருப்பிடமாகும். அப்போது காற்றை வேண்டாத இனங்களுடன் வாயிலுள்ள புதிய இனங்களும் சேர்ந்துகொள்ளும். வலியில்லாத பல்லுடன் வீட்டிலிருக்கும் அந்நோயாளியிடம், அடைப்பு வைத்த தேதி என்ன என்று கேட்டறிந்து, அவரை மீண்டும் பல் வைத்தியரிடம் அனுப்பிவைத்தல் வேண்டும்.